பகிர்வுப் பாதைக்கு ஒரு பிரதிநிதி

குஞ்சிதபாதம் என் முழங்கையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போகிறார். கண் தெரியாதவனைக் கூட்டிக்கொண்டு போவதற்கு ஒரு முறை இருக்கிறது. நான்தான் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவர் அரை அடி முன்னால் நடக்க வேண்டும், அவ்வளவுதான், ஐந்து வயதுக் குழந்தைக்குச் சொன்னால் புரிந்துகொள்ளும். இவரிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன். "அதெல்லாம் நான் பாத்துக்கறேன் தயாபரன் சார், நீங்க பாட்டுக்கு வாங்க" என்கிறார். கோமளா நகர் குடியிருப்போர் நலச் சங்கத்துக்குப் பதினொரு வருஷமாகத் தலைவர். வேறு யாரும் எதிர்த்து நிற்பதில்லை, ஜெயித்துத் தொலைத்தால் இவரைப் போல ஆகிவிடுவோமோ என்ற பயமாக இருக்கலாம். வாயில் ஏலக்காய் மெல்லுகிறார், விரல்களெல்லாம் ஈரம், காய்கறித் தள்ளுவண்டியைத் திருப்புகிற மாதிரி என்னைத் திருப்புகிறார். சனிக்கிழமை காலை ஏழு மணி. கால்வாய் நாற்றம் இன்னும் எழவில்லை, வெயில் ஏறினால்தான் எழும். ஏரியின் உபரிநீர் ஓடுகிற கால்வாய் என்று காகிதத்தில் சொல்கிறார்கள், எங்கள் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் உட்பட எல்லாம் அதில்தான் ஓடுகிறது. அதன் கரையில் இங்கிருந்து ரயில் நிலையம் வரைக்கும் இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு பாதை போடப்போகிறார்களாம். நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து ஒரே பாதை, பகிர்வுப் பாதை என்று பெயர். அண்ணன் தம்பிகள் வீட்டைப் பகிர்ந்துகொண்டதைப் பக்கத்தில் இருந்து கேட்டவர்கள் யாரும் அந்த வார்த்தையை இவ்வளவு சந்தோஷமாகச் சொல்ல மாட்டார்கள். இன்றைக்குக் கூட்டாய்வு, எல்லாத் தரப்பும் சேர்ந்து நடந்து பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும். நானும் ஒரு தரப்பு. கடிதத்தில் 'பயனாளிப் பிரதிநிதி' என்று போட்டிருந்ததை என் மனைவி மரகதம் வாசித்தபோது அவள் குரலில் பெருமை இருந்தது. நான் வாய்க்குள்ளேயே சிரித்துக்கொண்டேன். வந்துமிருக்கிறேன். வராமல் இருந்திருக்கலாம். ஏன் வந்தேன் என்பதை இப்போது யோசிக்க வேண்டாம்.

முப்பத்தொரு வருஷமாக ஓர் அலுவலகத்தில் டெலிபோன் போர்டில் உட்கார்ந்திருக்கிறவன் நான். யார் பேசறது, எந்த செக்‌ஷன் வேணும், லைன்ல இருங்க. ஒரு நாளைக்கு நானூறு குரல். பொய் சொல்கிற குரல் எங்கே தடிக்கும், கெஞ்சுகிற குரல் எங்கே மெலியும், கடன்காரனுக்குப் பயந்து தான் இல்லை என்று தானே சொல்கிறவனின் குரல் எப்படி இருக்கும், எல்லாம் அத்துப்படி. மூக்கு சிந்துகிற நேரத்தில் ஆளை எடைபோட்டுவிடுவேன். இதோ எனக்கு வலப்பக்கம் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருகிறவர் ஒரு பல் டாக்டர், சைக்கிள் கிளப்பின் தலைவர், சைக்கிளோட்டிகள் தரப்பு. பூட்ஸுக்கு அடியில் ஏதோ இரும்பு வைத்துத் தைத்திருக்கிறார், நடக்கும்போது ஆட்டுக்குளம்புச் சத்தம் கேட்கிறது. உருட்டும்போது அந்தச் சைக்கிள் டிக் டிக் டிக் என்று நல்ல சாதுவாகச் சத்தம் போடுகிறது. மிதிக்கும்போது போடாது. அதுதான் அதன் குணம். "இந்த ஸ்ட்ரெட்ச்ல இருபத்தெட்டு கிலோமீட்டர் வேகம் ஈஸியா வரும்" என்கிறார். எதற்கு? பல் பிடுங்க அவ்வளவு அவசரமாக யார் காத்துக்கொண்டிருக்கிறார்கள்? அவருக்குப் பின்னால் ஒரு வீடியோக்காரன், அவன் குரல் இன்னும் வரவில்லை, கொட்டாவி மட்டும் வந்தது. எல்லோருக்கும் பின்னால், தனியாக, திட்டம் போடுகிற கம்பெனியின் இன்ஜினியர், ரிஸ்வானா என்று ஒரு பெண். வந்ததும் வணக்கம் சொன்னாள், அதற்கப்புறம் பேச்சில்லை. அளவு நாடாவை இழுக்கிற சத்தமும் அது சுருண்டு உள்ளே போகிற சத்தமும்தான் கேட்கின்றன. முப்பது வயதுக்கு உட்பட்ட குரல். இவளும் மூன்று நாளில் ஓர் அறிக்கை எழுதுவாள், அதில் நான் ஒரு வரியாக இருப்பேன்.

"இங்க பாருங்க சார்" என்கிறார் குஞ்சிதபாதம். பாருங்க. உடனே நாக்கைக் கடித்துக்கொள்கிறார், அந்தச் சத்தம்கூட எனக்குக் கேட்கிறது. பாருங்க என்று சொன்னதற்கு நாக்கைக் கடிக்கிறவர் என் கையை விடமாட்டேன் என்கிறார். "உங்களுக்காகவே மாதிரிக்குப் போட்டு வெச்சிருக்கோம், மஞ்சள் டைல்ஸ், முப்பது அடி, நடந்து பாருங்க" என்று செருப்போடு என்னை ஏற்றிவிடுகிறார். அந்த ஓடுகளில் இரண்டு வகை உண்டு. நீளக்கோடு போட்டிருந்தால் போ என்று அர்த்தம், புள்ளிகள் இருந்தால் நில் என்று அர்த்தம், முன்னால் படியோ ரோடோ வருகிறது என்று எச்சரிக்கை. என் காலுக்குக் கீழே முதல் ஓடு புள்ளி. இரண்டாவது புள்ளி. மூன்றாவது, நான்காவது, பத்தாவது, எல்லாம் புள்ளி. காண்டிராக்டருக்குப் புள்ளி அழகாக இருந்திருக்கிறது. நில், நில், நில், நில் என்று முப்பது அடிக்கு என்னைப் பார்த்துக் கத்துகிறது தரை. முடிகிற இடத்தில் தடி இரும்பில் மோதுகிறது, டிரான்ஸ்ஃபார்மர் கம்பம். "எப்படி சார் இருக்கு?" என்கிறார். "பிரமாதம்" என்றேன். திருத்துவதற்கும் ஒரு மரியாதை வேண்டும், மரியாதை இருக்கிறவர்களைத்தான் திருத்துவேன். அவர் சந்தோஷமாக, "நோட் பண்ணிக்கோம்மா" என்று ரிஸ்வானாவிடம் சொன்னார். அவள் நோட் பண்ணியதாகத் தெரியவில்லை. குனிகிற சத்தம், விரலால் ஓட்டைத் தட்டுகிற சத்தம், அப்புறம், "சார், இது எல்லாமே நிக்கச் சொல்ற டைல்ஸ், இல்ல?" என்று கேட்டாள். நான் கேட்காத மாதிரி நடந்தேன்.

இந்தக் கரையை எனக்குத் தெரியாதா? பத்தொன்பது வருஷம் தினமும் காலை எட்டு ஐந்துக்குப் போய்ச் சாயங்காலம் ஐந்தரைக்குத் திரும்பிய வழி. இஸ்திரி வண்டியின் கரி வாடை, அதிலிருந்து நாற்பது எட்டு வைத்தால் மாவு மில், மாவு மில்லிலிருந்து அறுபதில் வேப்பமரம், அங்கே தரை கொஞ்சம் மேடு, காற்று மாறும், மாறினால் பாலம் வரப்போகிறது என்று அர்த்தம். பாலம் என்ன பாலம், கால்வாய் மேல் போட்ட நாலு சிலாப். யாரும் எனக்கு ஓடு பதிக்கவில்லை, யாரும் முழங்கையைப் பிடிக்கவில்லை. எட்டு மாதமாகத்தான் வருவதில்லை. மூட்டு வலி. இடது முழங்கால். மரகதம் தினமும் ஸ்கூட்டரில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விடுகிறாள், சாயங்காலம் வந்து கூட்டிப்போகிறாள், வீட்டுக்கு வந்ததும் தைலம் சூடுபண்ணி வலிக்காத முழங்காலில் அரைமணி நேரம் தேய்க்கிறாள். எதையும் நம்புவாள். டிவியில் சொல்கிற மருந்தை நம்புவாள், தொடரில் வருகிற மாமியாரை நம்புவாள், என் முழங்காலையும் நம்பினாள். பாவம் என்று சொல்லலாம், அசடு என்றும் சொல்லலாம், தேய்க்கும்போது அவள் தலையை நான் தடவிக்கொடுப்பதுண்டு, அப்போது இரண்டும்தான் எனக்குத் தோன்றும். விஷயம் ஒன்றுமில்லை. பாலத்துக்கிட்ட ஒரு நாள் பின்னாலிருந்து ஒரு சைக்கிள் வந்து இடித்தது. விழுந்தேன். உள்ளங்கையில் சிராய்ப்பு. எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்கப்புறம் ஏனோ அந்த வழி வேண்டாம் என்று தோன்றிவிட்டது, வயதாகிறது இல்லையா, அவ்வளவுதான். மாவு மில் வாடை வந்துவிட்டது. இன்னும் அறுபது எட்டு. குஞ்சிதபாதம் கொண்டைக்கடலை பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார், ஊறவைத்துச் சாப்பிட்டால் சர்க்கரைக்கு நல்லதாம்.

வேப்பமரம். தரை ஏறுகிறது. காற்று மாறிவிட்டது. ஒரு பெண் அது, பள்ளிக்கூடமோ டியூஷனோ போகிற பெண், பன்னிரண்டு பதின்மூன்று வயதுக் குரல். மணி அடிக்கவில்லை. அவளும் சேர்ந்து விழுந்தாள், சைக்கிள் சக்கரம் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது, கீழே கால்வாயில் ஏதோ ஒன்று, தண்ணீர் பாட்டிலாக இருக்கும், விழுகிற சத்தம் கேட்டது. எனக்கு எந்தப் பக்கம் கால்வாய், எந்தப் பக்கம் வீதி என்று தெரியவில்லை. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாகத் தெரியவில்லை. கையை நீட்டினால் வெறும் காற்று. இன்னும் ஒரு எட்டு வைத்தால் கால்வாய்க்குள்ளேயா, வீதியிலா என்று புரியாமல் நாலு காலில் நின்றேன், நாய் மாதிரி. அந்தப் பயம் உங்களுக்கு இருந்திருக்கிறதா டாக்டர், இருபத்தெட்டு கிலோமீட்டர் வேகத்தில்? தடி கையில் தட்டுப்பட்டது. எழுந்தேன். பயத்தில் தடி சுழன்றது, எதன்மேலோ பட்டது, சைக்கிள் ஹேண்டில்பாராகத்தான் இருக்கும். இருக்கும். தடி அலுமினியம். அலுமினியம் இரும்பில் பட்டால் ணங் என்று சத்தம் வரும். சத்தம் வரவில்லை. நானூறு குரலைப் பிரித்துச் சொல்கிற காது, அன்றைக்கு ஒரு ணங் வந்ததா வரவில்லையா என்று எட்டு மாதமாக எனக்குச் சொல்ல மறுக்கிறது. போதும். கொண்டைக்கடலை. சர்க்கரைக்கு நல்லது.

பாலத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி வீடியோ எடுக்கிறார்கள். நான் சொல்ல வேண்டிய வசனத்தைக் குஞ்சிதபாதம் காதில் ஓதுகிறார். "இந்தப் பகிர்வுப் பாதை எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வரப்பிரசாதம், அவ்வளவுதான் சார், சொல்லிட்டுச் சிரிங்க." எங்களைப் போன்றவர்கள் என்றால் யார்? முழங்கால் வலிப்பதாகப் பொய் சொல்கிறவர்களா? டாக்டர், பாதை எவ்வளவு பத்திரமானது என்று காட்டுவதற்காக, தான் ஒரு சுற்றுப் போய் எனக்குப் பக்கத்தில் மெதுவாக ஓட்டிக் கடந்து போவதாகவும் அதையும் எடுக்கலாம் என்றும் சொல்கிறார். வீடியோக்காரன் முதல் தடவையாக வாய் திறந்து "ரெடி" என்கிறான். நான் ஆரம்பித்தேன், "இந்தப் பகிர்வுப் பாதை எங்களை..." எதுவும் கேட்கவில்லை. இடது காதோரம் ஒரு காற்று வந்தது, ரப்பர் வாடை வந்தது, அவ்வளவுதான், அதற்குள் என் வலது கை தோளுக்கு மேலே போயிருந்தது, தடியோடு. டாக்டர் போய்விட்டிருந்தார். கை மேலேயே நின்றது. "டாட்டா காட்டுறார், நல்லாருக்கு, நல்லாருக்கு, அப்படியே இருக்கட்டும்" என்றார் குஞ்சிதபாதம். என் வாழ்நாளில் நான் கேட்ட முட்டாள்தனங்களை எல்லாம் வரிசையாக நிற்கவைத்தால் இது முன்னால் நிற்கும். சிரிக்கலாம் என்று பார்த்தேன். ரிஸ்வானா பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "சார், உட்காரணுமா?" என்றாள். "எதுக்கு?" என்றேன். "தடிய இன்னும் இறக்கல நீங்க."

அப்புறம் எல்லோரும் கிளம்பினார்கள். சமுதாயக் கூடத்தில் பொங்கல் சொல்லியிருக்கிறார்களாம், ஆறிவிடுமாம். கூட்டாய்வு முடிந்தது, இரண்டு கிலோமீட்டரில் அரைக் கிலோமீட்டர்கூட நடக்கவில்லை. மரகதம் எட்டு மணிக்குப் பாலத்துக்கு வந்து கூட்டிக்கொள்வதாகச் சொல்லியிருந்ததால் நான் இருந்துகொண்டேன். ரிஸ்வானாவும் போகவில்லை. "உங்க பொங்கல் ஆறிடும்" என்றேன். "நான் சாப்ட்டுத்தான் வந்தேன் சார், ஒரு சின்ன ஹெல்ப் பண்றீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதில் சொல்வதற்குள் மீந்து கிடந்த ஓடுகளைத் தூக்கிவந்து என் முன்னால் வரிசையாக வைத்தாள். "நடக்கறவங்களையும் சைக்கிளையும் பிரிக்க நடுவுல ஒரு வெள்ளைக்கோடு போதும்னு டிராயிங்ல இருக்கு. கோடு உங்களுக்கு எப்படித் தெரியும்? அதான், எவ்வளவு உயரம் இருந்தா தடிக்குத் தெரியும்னு பாக்கணும்." ஓர் ஓட்டு உயரம். தடி வழுக்கிக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டது. தெரியல என்றேன். இரண்டு ஓடு. தெரிந்த மாதிரியும் இருந்தது, தரையின் மேடுபள்ளம் மாதிரியும் இருந்தது. "சந்தேகம்" என்றேன். அவள் எழுதினாள். மூன்று ஓடு. தடி நின்றது. சுவரில் இடித்துக்கொண்ட மாதிரி இல்லை, நல்ல சுத்தமாக, இதுதான் எல்லை என்று சொல்கிற மாதிரி நின்றது. "இது" என்றேன். என் குரலில் ஓர் அவசரம் இருந்தது, எனக்கே பிடிக்கவில்லை. இன்னொரு தடவை, கண்ணை மூடிக்கொண்டு நடங்க என்று சொல்கிற அளவுக்கு அவள் தன்னை மறந்திருந்தாள், சொல்லிவிட்டு நாக்கைக் கடிக்கவும் இல்லை, "அய்யோ" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். எத்தனை நாளாயிற்று? ஆறு தடவை நடந்தோம். "மூணுன்னா ஆறு சென்டிமீட்டர். இடிச்சா சைக்கிள்காரங்க விழுவாங்கன்னு டாக்டர் சண்டை போடுவார்" என்றாள். "விழட்டும்" என்றேன். விழட்டும் என்ற சொல் வாயிலிருந்து போனதும் அந்தச் சக்கரம் சுற்றுகிற சத்தம் கேட்டது.

"உங்கள யாராவது இடிச்சிருக்காங்களா சார், இங்க?" என்று அவள் கேட்டாள். கேட்டதில் அனுதாபம் இல்லை. ஓட்டு உயரத்தைக் கேட்ட அதே குரல். அனுதாபம் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன், ஏதாவது ஒரு சொல்லால் அவளைக் கிள்ளி உட்காரவைத்திருப்பேன். சொன்னேன். எட்டு மாதம், ஐந்தரை மணி, இதே இடம், ஒரு சின்னப் பெண், சைக்கிள். "நான் தடியால அடிச்சேன்" என்றும் சொன்னேன். அந்த வாக்கியம் அவ்வளவு சுருக்கமாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. "எங்க பட்டுச்சுன்னு தெரியாது. அழுதா. நான் நிக்காம வந்துட்டேன். வீட்ல சொல்லல, யார்கிட்டயும் சொல்லல." அப்போதுதான் என் முதுகுக்குப் பின்னால், மிக அருகில், மரகதத்தின் குரல் கேட்டது. "எனக்குத் தெரியுங்க."

வண்டியை அணைத்து உருட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். எனக்குக் கேட்கவில்லை. "எவ்வளவு நேரமா நிக்கற?" என்றேன். "மறுநாள் காலைலயே அந்தப் பொண்ணோட அம்மா வந்தாங்க. நீங்க குளிச்சிட்டிருந்தீங்க. பொண்ணையும் கூட்டிட்டு வந்தாங்க, புருவத்துல பஞ்சு வெச்சு ஒட்டியிருந்துச்சு, ரெண்டு தையல். சண்டைக்குத்தான் வந்தாங்க. நான்தான் கையப் பிடிச்சுக்கிட்டு மன்னிச்சிருங்கன்னு சொன்னேன்." புருவம். கண் இல்லை, புருவம். அரை அங்குலம். மரகதம் பேசிக்கொண்டே இருக்கிறாள், எட்டு மாதமாகச் சேர்த்துவைத்ததை அவசரமாக இறக்கிவைக்கிற மாதிரி. "அப்புறம் அவங்களே எறங்கி வந்துட்டாங்க. பரவால்லம்மா, கண்ணு தெரியாதவரு, தன் கை எங்க போகுதுன்னு அவருக்கு என்ன தெரியும், பாவம்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். மொழங்கால் வலின்னீங்க. சரின்னு விட்டுட்டேன்." தைலம். அரைமணி நேரம். அசடு என்று நினைத்துக்கொண்டு அந்தத் தலையைத் தடவினேனே, அப்போது அவள் முகம் எப்படி இருந்திருக்கும்? "பொண்ணு என்ன சொல்லிச்சு?" என்று கேட்டேன். "அது ஒண்ணும் சொல்லல. அவங்க அம்மா பேசறதையே பாத்துட்டு நின்னுச்சு. இப்பவும் இந்த வழியாத்தான் டியூஷன் போகுது, பாத்திருக்கேன். கரை முழுக்க மணி அடிச்சுக்கிட்டே போகுது."

அவருக்கு என்ன தெரியும், பாவம். பஸ்ஸில் சீட்டுக் கொடுத்த பாவம், சில்லறை வேண்டாம் என்று சொன்ன பாவம், ஐம்பது வருஷமாக நான் காறித் துப்பிய அதே பாவம், நான் குளித்துக்கொண்டிருந்தபோது என் வீட்டு வாசலுக்கு வந்து என்னை விடுதலை செய்துவிட்டுப் போயிருக்கிறது. நானும் அதை அனுபவித்திருக்கிறேன், ஸ்கூட்டரின் பின்சீட்டில், எட்டு மாதமாக. குஞ்சிதபாதம் இதைவிடப் பெரிதாக என்ன முட்டாள்தனம் செய்துவிட்டார்? ரிஸ்வானா தொண்டையைச் செருமினாள். "சார், இத நான் ரிப்போர்ட்ல போடலாமா? பேர் இல்லாம. இந்த மாதிரி ஒண்ணு நடந்திருக்குன்னு தெரிஞ்சாத்தான் நடுவுல தடுப்பு வேணும்னு ஒத்துக்குவாங்க." போடுங்க என்றேன். பேனா ஓடியது. வாசித்தாள். "பின்னாலிருந்து வந்த சைக்கிள் மோதியதில் நிலைகுலைந்த பார்வையற்ற பாதசாரி, தற்செயலாகக் கைத்தடியை வீசியதில் மாணவி காயமடைந்தார். சரியா சார்?" மரகதம், "ஆமாம்மா, அப்படித்தான்" என்றாள்.

நல்ல வாக்கியம். குறை சொல்ல இடமில்லாத வாக்கியம். அதை அப்படியே விட்டுவிட்டு வண்டியில் ஏறிப் போயிருக்கலாம், பாதையும் வந்திருக்கும், மூன்று ஓட்டு உயரத்துக்குத் தடுப்பும் வந்திருக்கும். அம்மா பேசுவதையே பார்த்துக்கொண்டு நின்றதாம் அந்தப் பெண். ஏன் பார்த்துக்கொண்டு நின்றது? அதற்குத் தெரியும். இந்த உலகத்தில் எனக்கும் அதற்கும் மட்டும் தெரியும். "தற்செயலாகங்கறத அடிச்சிடுங்க" என்றேன். "சார்?" "நான் எழுந்து நின்னுட்டேன். தடி கையில இருந்துச்சு. சுழட்டல. அவ எங்க இருக்கான்னு தெரியல, அதனால பேசாம நின்னேன். அவ சாரி அங்கிள்னு சொன்னா. அந்தக் குரல் எங்கேர்ந்து வந்துச்சோ அங்க அடிச்சேன்."

பேனா ஓடவில்லை. ஸ்கூட்டர் சாவியை ஆட்டிக்கொண்டிருந்த மரகதத்தின் கை நின்றுவிட்டது. கால்வாய் நாற்றம் எழ ஆரம்பித்திருந்தது. "சாரி சொன்னதுக்கு அப்புறமா?" என்று கேட்டாள், என் மனைவியின் குரல்தான், ஆனால் போர்டில் முதல் தடவையாக வருகிற ஒரு குரலைப் போல இருந்தது, எந்த செக்‌ஷன் வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. "அப்புறம்தான்" என்றேன். எட்டு மாதத்துக்கு முன்னால் அவள் மன்னிப்புக் கேட்டது வேறு ஓர் ஆளுக்காக. அவள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு வண்டியை நிறுத்தினாள், பாலத்துச் சிலாப் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள், என்னை ஏறச் சொல்லவில்லை. அதற்கப்புறம் ரிஸ்வானா அந்த ஒரு வார்த்தையின் மேல் பேனாவால் கோடு இழுக்கிற சத்தம் கேட்டது.